மகள் பெயரில் ஏறிய கடன்

கேள்வி: என் மகள் ஈரோடு மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். உயிரியல், கணிதம் சேர்ந்த பிரிவு. பள்ளியிலேயே நீட் பயிற்சியும் நடத்துகிறார்கள். பத்தாம் வகுப்பில் 500-க்கு 478 எடுத்தவள். பயிற்சித் தேர்வில் 720-க்கு ஜூனில் 486, ஜூலையில் 471, ஆகஸ்டில் 462, அக்டோபர் கடைசியில் 431. முதல் பேட்சிலிருந்து இரண்டாவது பேட்சுக்கு மாற்றிவிட்டார்கள். ஞாயிறு காலை தேர்வுக்குக் கிளம்பும்போது வாந்தி எடுக்கிறாள். இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை விழித்திருந்து, ஐந்தரைக்கு எழுப்பினால் அழுகிறாள். உச்சந்தலையில் ஒரு ரூபாய் அளவுக்கு முடி இல்லை. அவளே பிடுங்குகிறாள் என்று என் தங்கை மகள் சொன்னாள். மதிப்பெண்ணும் ரேங்கும் ஞாயிறு மாலையே என் கணவரின் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடும். அவர் விசைத்தறிக் கூடத்தில் மேற்பார்வையாளர். "எல்லாம் சாக்கு, பக்கத்து வீட்டுப் பையன் எடுக்கலையா?" என்கிறார். கட்டணத்துக்காக என் நகைகளையும் தாலிக்கொடியையும் அடகு வைத்துவிட்டு மஞ்சள் கயிறு போட்டிருக்கிறேன். ஞாபகசக்திக்கு மாத்திரை கொடுக்கலாமா? பயிற்சியை நிறுத்திவிடலாமா? எட்டாம் வகுப்பு படிக்கும் மகனை ஃபவுண்டேஷன் வகுப்பில் சேர்க்கச் சொல்லி அழைக்கிறார்கள், சேர்க்கலாமா? போன வாரம் மகள், "நான் இல்லைன்னா இந்நேரம் நகையெல்லாம் மீட்டிருப்பீங்க இல்லம்மா?" என்றாள். அவளை எப்படிப் படிக்க வைப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை என் கண் மதிப்பெண்களில் நின்றது. நீங்களும் ஜூன் முதல் அக்டோபர் வரை ஒன்று விடாமல் எழுதியிருந்தீர்கள். இரண்டாம் முறை கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்தேன். பதிலையும் அங்கிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த நகைப் பேச்சுதான் இந்தக் கடிதத்திலேயே மிக அவசரமானது.

"நான் இல்லைன்னா" என்று உங்கள் மகள் சொன்னது, நான் படிக்கப் போகாமல் இருந்திருந்தால் என்ற பொருளில் இருக்கலாம்; சலிப்பில் வந்து விழுந்த சொல்லாகவும் இருக்கலாம். ஆனால் தூக்கம் கெட்டு, சாப்பிட்டது வயிற்றில் தங்காமல், தன் தலைமுடியைத் தானே பிடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண், தன்னால்தான் வீட்டுக்குச் செலவு, தான் இல்லாவிட்டால் வீடு நிமிர்ந்துவிடும் என்று கணக்குப் போடத் தொடங்கினால், அதை மனநல மருத்துவர்கள் யாரும் வெறும் பேச்சாக எடுத்துக்கொள்வதில்லை. பிறருக்குத் தான் சுமை என்ற எண்ணம் தற்கொலை எண்ணத்துக்கு மிக அருகில் இருப்பது. ஆகவே இன்று இரவே, தம்பி தூங்கிய பிறகு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள்: "கண்ணு, செத்துப் போயிடலாம்னு உனக்கு எப்பவாவது தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பெற்றோர் பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. கேட்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு, யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்ததைச் சொல்ல முடிந்த ஆறுதல்தான் கிடைக்கிறது. அவள் ஆமாம் என்று சொன்னால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், "எங்களை நினைச்சுப் பார்த்தியா?" என்று கேட்காதீர்கள். அந்த இரவு அவளைத் தனியே விடாமல் கூடவே படுத்துக்கொண்டு, மறுநாள் காலையே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இல்லை என்று சொன்னாலும் இந்த வாரத்துக்குள் அழைத்துச் செல்லத்தான் வேண்டும். இடையில் எந்த நேரமானாலும் பேசுவதற்கு 14416 என்ற டெலி மானஸ் (ஒன்றிய அரசின் மனநல உதவி) எண்ணும், தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கின்றன. இரண்டும் இலவசம், தமிழிலேயே பேசலாம். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்திவிடுங்கள். பெரியவர்களின் மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். ஏன் என்று கேட்டால் மருத்துவர் சொன்னார் என்று சொல்லிவிடலாம்.

அடுத்தது உடம்பு. வாந்தியைச் சாக்கு என்கிறார் உங்கள் கணவர். தேர்வு நாளில் மட்டும் வருவதால் அவருக்கு அப்படித் தோன்றுகிறது. ஆனால் அச்சம் உடம்பில் நடப்பது. பயந்த நேரத்தில் இரைப்பையும் குடலும் தம் வழக்கமான வேலையைத் தொடர்வதில்லை. குமட்டல், வயிற்றுப்போக்கு, அடிக்கடி சிறுநீர் வருவது எல்லாம் அதனால்தான். ஞாயிறு காலை அவள் வாந்தியை வரவழைக்கவில்லை, அது வருகிறது. இருந்தாலும் முழுவதையும் மனதின் மேலேயே போட்டுவிடக் கூடாது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. முடியைப் பிடுங்கும் பிள்ளைகளில் சிலர் அதை வாயில் வைத்து மெல்லுவார்கள், விழுங்கியும் விடுவார்கள். முடி செரிக்காது, நாளாக ஆக இரைப்பையில் உருண்டையாகத் திரண்டு வயிற்றுவலியையும் வாந்தியையும் உண்டாக்கலாம். எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. உங்கள் மகளுக்கு இது இருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி இது, கேட்டால் வெட்கப்படாமல் பதில் சொல்ல வேண்டும் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

முடி பிடுங்குவது கெட்ட பழக்கமோ பிடிவாதமோ இல்லை, பெயரும் சிகிச்சையும் உள்ள ஒரு நோய். பெரும்பாலும் வளரிளம் பருவத்தில் தொடங்கும். மனம் இறுகும்போது கை தானாகத் தலைக்குப் போகும், பிடுங்கியதும் ஒரு கணம் இறுக்கம் தளரும், பிறகு வெட்கம் வரும், அந்த வெட்கத்தில் அவள் வேறு பக்கம் வகிடு எடுத்து மறைப்பாள். எந்த நேரத்தில், எந்தப் பாடத்தின்போது கை மேலே போகிறது என்பதை அவளே கவனிக்கவும், அந்த நேரத்தில் கைக்கு வேறு வேலை கொடுக்கவும் படிப்படியாகப் பயிற்சி அளிக்கும் முறையால் பலருக்கு இது குறைகிறது. கையைத் தட்டிவிடுவதும், உறவினர்முன் தலையைக் காட்டச் சொல்வதும் இதை அதிகமாக்கும். திட்டாக முடி உதிரும் தோல்நோய் ஒன்றும் உண்டு என்பதால், ஒரு முறை தோல் மருத்துவரும் பார்ப்பது நல்லது. அந்த நோயில் தலை வழவழப்பாக இருக்கும், பிடுங்கிய இடத்திலோ நீளமும் குட்டையுமாக முடி முளைத்து நிற்கும்.

ஞாபகசக்தி மாத்திரை வேண்டாம். நலமாக இருக்கும் பிள்ளையின் நினைவாற்றலைக் கூட்டும் என்று மெய்ப்பிக்கப்பட்ட மாத்திரையோ டானிக்கோ இல்லை. அதற்குச் செலவழிக்கும் பணத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்திய அளவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை இருந்தது. இரும்புச்சத்து குறைந்த பெண்ணுக்குச் சோர்வும் கவனக்குறைவும் வரும். வீடு அதைச் சோம்பல் என்று படித்துக்கொள்ளும்.

மாத்திரை செய்யாததைத் தூக்கம் செய்யும். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவ உலகின் பொதுக் கருத்து. உங்கள் மகளுக்கு மூன்றரை, நான்கு மணி நேரம்தான் கிடைக்கிறது. பகலில் படித்தது மூளையில் நிலைபெறுவது பெரிதும் தூக்கத்தில்தான் என்பதால், இரவு பன்னிரண்டுக்கு மேல் அவள் படிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அன்று மாலை படித்ததிலிருந்து கொஞ்சத்தை அழித்துக்கொண்டிருக்கிறது. பருவ வயதில் தூக்கம் வரும் நேரமே ஓரிரு மணி நேரம் பின்தள்ளிப் போகும். அது உடம்பின் ஏற்பாடு, அடம் இல்லை. எனவே இரவு ஒன்பதுக்குப் படுக்கச் சொன்னால் வேலைக்காகாது. பத்தரைக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, காலை ஆறு மணி வரை விடுங்கள். பள்ளி வாகனம் விடியும் முன்பே வருமானால், அப்பா சில வாரங்களுக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டால் அரை மணி நேரம் மிச்சமாகும். அந்த அரை மணி நேரப் பயணத்தில் மதிப்பெண் பேச்சு கூடாது என்பது நிபந்தனை.

இப்போது நீங்கள் வரிசையாக எழுதிய மதிப்பெண்களுக்கு வருகிறேன். 486-லிருந்து 431. உங்கள் வீட்டில் இது ஒரு வீழ்ச்சி. நீட் தேர்வில் 180 கேள்விகள். சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு ஒன்று குறையும். சரியாக எழுதியிருக்க வேண்டிய ஒரு கேள்வி தவறாகப் போனால் 5 மதிப்பெண் போகிறது. ஆக, ஜூனுக்கும் அக்டோபருக்கும் இடையிலான 55 மதிப்பெண் என்பது 11 கேள்வி. ஐந்து மாதமாகத் தூங்காத ஒரு பெண், காலையில் வாந்தி எடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்து, 180 கேள்விகளில் 11-ஐக் கூடுதலாகத் தவறவிட்டிருக்கிறாள். அறிவு மங்கிவிட்டதற்கு இது அடையாளமே இல்லை. உண்மையில், இந்த நிலையிலும் அவள் 431 எடுத்திருப்பதுதான் எனக்கு வியப்பு.

அந்த எண் தனியாக எதையும் சொல்வதுமில்லை. 2024-ல் முழு மதிப்பெண்ணான 720-ஐப் பலர் எடுத்தார்கள். 2025-ல் வினாத்தாள் கடினமாக இருந்தபோது நாட்டிலேயே முதலிடம் பெற்றவரின் மதிப்பெண் 686. ஓராண்டில் அரசுக் கல்லூரி கிடைக்காத மதிப்பெண்ணுக்கு அடுத்த ஆண்டு கிடைக்கலாம். அவள் பள்ளியில் ஒவ்வொரு ஞாயிறும் யார் வினாத்தாள் தயாரிக்கிறார்களோ அவர்களின் மனநிலையும் அந்த எண்ணில் சேர்ந்திருக்கிறது. மறுபுறம், போட்டி சிறியது என்று சொல்லி உங்களை ஏமாற்றவும் நான் விரும்பவில்லை. 2025-ல் ஏறத்தாழ 22 லட்சம் பேர் எழுதினார்கள், 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றார்கள், நாடு முழுவதும் இருக்கும் எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒன்றேகால் லட்சத்தை ஒட்டியவைதான். நன்றாகப் படித்தும் இடம் கிடைக்காமல் போகிறவர்கள்தான் எப்போதும் பெரும்பான்மை. இந்தக் கணக்கு வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்; தெரிந்திருந்தால், கிடைக்காதது குற்றமாகாது.

நானும் நுழைவுத்தேர்வு எழுதியவன்தான். தமிழ்நாட்டில் 1984 முதல் தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத்தேர்வு இருந்தது. 2006-ல் இயற்றிய சட்டத்தால் அது போயிற்று. பிறகு பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே வாசலாக இருந்த ஆண்டுகளிலும் பிள்ளைகள் நிம்மதியாக இருந்துவிடவில்லை. பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல் இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தைத் திணித்த விடுதிப் பள்ளிகள் அப்போதுதான் கொழுத்தன. 2017-ல் அரசு பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. மாணவர்களை ஒப்பிட்டு நோகடிக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்தது. அதே ஆண்டிலிருந்து நீட்டும் இங்கே கட்டாயமாயிற்று. நீட் இருக்கலாமா கூடாதா என்பதைச் சட்டமன்றமும் நீதிமன்றமும் பேசட்டும். என் கவலை, அரசு ஆண்டுக்கு ஒரு முறை வெளியிடுவதையே நிறுத்திவிட்ட ரேங்க், உங்கள் வீட்டுக்கு வாரம் ஒரு முறை கைபேசியில் வந்து இறங்குகிறது என்பதுதான்.

அந்த வாட்ஸ்அப் செய்தியை முதலில் கவனியுங்கள். தேர்வு எழுதியவள் அவள். மதிப்பெண்ணை முதலில் பார்ப்பவர் அப்பா. அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பாவின் முகத்தில் விடைத்தாளைப் படித்துவிடுகிறாள். ஞாயிறு காலை வாந்தி வினாத்தாளுக்காக மட்டும் வருகிறது என்று நான் நினைக்கவில்லை. ஞாயிறு மாலைக்காகவும் வருகிறது. பள்ளியில் பேசி அந்தச் செய்தியை மூன்று மாதத்துக்கு நிறுத்தச் சொல்லுங்கள். முடியாது என்றால் உங்கள் கணவர் அதைத் திறக்காமல் இருக்கப் பழகட்டும். அவள் தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளட்டும், சொல்லாவிட்டால் கேட்க வேண்டாம்.

உங்கள் கணவரைக் குற்றவாளியாக்கி நான் எழுதுவதாக அவர் நினைக்கக் கூடாது. தறிச் சத்தத்திலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவர், தன் மகள் அந்தக் கூடத்துப் பக்கமே வரக்கூடாது என்று நினைப்பதில் இருக்கும் அன்பு எனக்குப் புரிகிறது. "சாக்கு" என்று அவர் சொல்வதும் அச்சத்தால்தான். அது நோய் என்று ஒப்புக்கொண்டால், அடகு வைத்த நகை, கட்டிய பணம், ஊருக்குச் சொன்ன சொல் எல்லாம் ஒரே நேரத்தில் ஆட்டம் காணும். பக்கத்து வீட்டுப் பையனை மட்டும் அவர் விட்டுவிட வேண்டும். அந்தப் பையன் எத்தனை மணி நேரம் தூங்கினான், என்ன பட்டான் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. உங்கள் வீட்டில் யாரும் அவளிடம் "உனக்காகத்தான் நகையை வைத்தோம்" என்று சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நம்புகிறேன். சொல்லத் தேவையும் இல்லை. தினமும் காலையில் சோறு கட்டிக் கொடுக்கும்போது உங்கள் கழுத்து அவள் கண்ணெதிரே இருக்கிறது. நேற்று வரை கொடி இருந்த இடத்தில் மஞ்சள் கயிறு. நம் ஊரில் ஒரு பெண்ணுக்கு அதன் பொருள் என்ன என்பதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. (கவரிங் கொடி வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன், அவள் அதையும் கண்டுபிடிப்பாள், இன்னும் குற்றவுணர்வு கொள்வாள்.) அடகுச் சீட்டில் இருப்பது உங்கள் பெயரோ உங்கள் கணவர் பெயரோதான், ஆனால் அவள் மனதில் அந்தக் கடன் அவள் பெயரில் ஏறியிருக்கிறது. அசல் எம்.பி.பி.எஸ். இடம், வட்டி ஞாயிறு தோறும் கட்ட வேண்டிய மதிப்பெண். 486 எடுத்தபோது வட்டி கட்டினாள், 431 எடுத்தபோது தவணை தவறினாள். "நான் இல்லைன்னா நகையெல்லாம் மீட்டிருப்பீங்க" என்பது அந்தக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கம்.

இந்தக் கடனை அவள் கணக்கிலிருந்து நீக்குவதுதான் நீங்கள் செய்யக்கூடியவற்றில் முதன்மையானது. "கவலைப்படாதே, நாங்க பாத்துக்கறோம்" என்ற பொதுவான ஆறுதலால் அது நீங்காது. ஒரு நாள் இரவு மூவரும் உட்கார்ந்து, அப்பாவின் வாயாலேயே, ரூபாய்க் கணக்கோடு பேச வேண்டும். "நகையை வெச்சது நாங்க ரெண்டு பேரும் யோசிச்சு எடுத்த முடிவு. மீட்கறதும் எங்க வேலை. நீ டாக்டர் ஆனாலும் சரி, ஆகாட்டியும் சரி, மாசம் இவ்வளவு கட்டி இத்தனை மாசத்துல எடுத்துருவோம். அதுல உனக்குப் பங்கு இல்லை கண்ணு." இப்படிச் சொல்லிவிட்டுச் சீட்டையும் அவளுக்குக் காட்டுங்கள், எவ்வளவு கடன், எப்போது தீரும் என்று தெரிந்த தொகை, தெரியாத தொகையைவிடச் சிறியது. முடிந்தால் மற்ற நகைகளுக்கு முன்னால் தாலிக்கொடியை மீட்கப் பாருங்கள். வட்டிக் கணக்குப்படி அது புத்திசாலித்தனமாக இல்லாமல் இருக்கலாம். பரவாயில்லை.

இதைப் பேசும்போது இரண்டாவது வழியைப் பற்றியும் பேசியாக வேண்டும். அதைத் தேர்வு முடிவு வந்த பிறகு கண்ணீரோடு தேடுவதைவிட இப்போதே, நிதானமாகத் தேடிவைக்க வேண்டும். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவப் படிப்பின் மாநில இடங்களும், வேளாண்மையும், பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம் போன்றவையும் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. அவள் கணிதமும் படிப்பதால், கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கணக்கிடும் பொறியியல் கலந்தாய்வும் திறந்திருக்கிறது. நீட் பயிற்சியை மையமாக வைத்து நடத்தும் பள்ளிகளில் 600 மதிப்பெண் பொதுத்தேர்வு பல நேரம் மாற்றாந்தாய்ப் பிள்ளையாகிவிடுகிறது; உங்கள் மகள் மார்ச்சில் எழுதப்போகும் அந்தத் தேர்வு இவ்வளவு கதவுகளுக்குச் சாவி என்பதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீட்டையே மறுபடி எழுத நினைத்தாலும் இப்போதைய விதிகளில் வயது உச்சவரம்போ, இத்தனை முறைதான் என்ற கட்டுப்பாடோ இல்லை. ஆனால் மறுமுறை எழுதுவது பற்றி இப்போது ஒரு சொல்லும் பேச வேண்டாம். இந்த உடம்போடு இன்னோர் ஆண்டு என்ற நினைப்பே அவளை நடுங்க வைக்கும்.

ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்கை. "டாக்டர் ஆகலைன்னா நர்ஸாவது ஆகலாம்", "வெட்னரியாவது கிடைக்கும்" என்று பேசிவிடாதீர்கள். அந்த "ஆவது" வந்து ஒட்டிக்கொண்டதும் எந்தப் படிப்பும் தண்டனையாகச் சுருங்கிவிடுகிறது. கால்நடை மருத்துவம் தமிழ்நாட்டில் எளிதில் கிடைக்கும் படிப்பும் அன்று. அவளுக்கு எது பிடிக்கும் என்று கேட்டு அங்கிருந்து பேசுங்கள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு மருத்துவராக ஆசையா என்பது உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. ஆசை இருக்கலாம், பிள்ளைகள் பெரும்பாலும் ஆசைப்பட்டுத்தான் தொடங்குகிறார்கள். அந்த ஆசை இன்னும் உயிரோடு இருக்கிறதா, கடமையாக மாறிவிட்டதா என்பதை அவள் சற்றுத் தேறிய பிறகு, பதிலை எதிர்பார்க்காமல் கேட்க வேண்டும்.

பயிற்சியை நிறுத்தலாமா என்று கேட்டீர்கள். இன்றைக்கு நிறுத்தவும் வேண்டாம், தொடர்வது என்று முடிவெடுக்கவும் வேண்டாம். முதலில் சிகிச்சை தொடங்கட்டும். மூன்று வாரத்துக்கு ஞாயிற்றுத் தேர்வுகளிலிருந்து மட்டும் மருத்துவச் சான்றோடு விலக்குக் கேளுங்கள், வகுப்புகளுக்குப் போகட்டும். திடீரென்று எல்லாவற்றையும் நிறுத்தினால், தன்னால் கட்டணமும் வீணாயிற்று என்று இன்னொரு வரியைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வாள். தூக்கமும் உணவும் சீரான பிறகு, மருத்துவரும் அவளும் நீங்களுமாகச் சேர்ந்து முடிவெடுங்கள். அவள் விலக விரும்பினால் அதைத் தோல்வி என்று யாரும் சொல்லாமல் விலகட்டும். தற்கொலை எண்ணம் இருப்பதாக அவள் சொன்னால் மட்டும் இந்த வரிசை மாறும். அப்போது தேர்வு, வகுப்பு எல்லாம் மருத்துவர் சொல்லும் வரை நிற்கும்.

பேட்ச் மாற்றியதைப் பற்றிப் பள்ளி முதல்வரிடம் நீங்கள் பேச வேண்டும், தயங்க வேண்டாம். விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த 17 வயது மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கும் பயிற்சி மையங்களுக்கும் 15 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைத் தனித்தனி பேட்சுகளாகப் பிரிப்பதும், பலர்முன் அவமானப்படுத்துவதும் கூடாது என்பது அவற்றில் ஒன்று. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனத்தில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. சண்டையாகப் பேச வேண்டியதில்லை. இந்தத் தீர்ப்பு இருப்பது எங்களுக்குத் தெரியும் என்ற அளவில் தெரிவித்தாலே பேச்சின் தொனி மாறும். பழைய பேட்சில் அவளுக்கு இருந்த தோழிகள் யார் என்றும் வீட்டில் விசாரியுங்கள். பெரியவர்களுக்கு அது ரேங்க் இறக்கம். அவளுக்கோ மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற பிரச்சினை.

மகனுக்கு ஃபவுண்டேஷன் வகுப்பு வேண்டாம். பயிற்சி மையங்கள் 16 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது, பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பிறகே சேர்க்கலாம் என்று ஒன்றிய அரசின் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளிலேயே இருக்கிறது. பாதியில் விலகினால் மீதிக் கட்டணத்தை 10 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. மகள் விஷயத்தில் கேட்டுப் பார்க்க அது உதவலாம். மகன் மாலையில் விளையாடட்டும்.

"அவளை எப்படிப் படிக்க வைப்பது?" என்று கடிதத்தை முடித்திருந்தீர்கள். இரவு இரண்டு மணி வரை படிக்கும் பெண்ணைப் படிக்க வைக்க வழி கேட்கிறீர்கள் என்பதை நீங்களே ஒரு முறை வாசித்துப் பாருங்கள்.

மருத்துவரைப் பார்ப்பது பற்றி: பெருந்துறையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, ஈரோடு அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ காலையிலேயே போய், மனநலப் பிரிவு என்று சொல்லிப் புறநோயாளிச் சீட்டு வாங்குங்கள். பள்ளிக்குத் தெரிந்துவிடுமோ, நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வந்துவிடுமோ என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும். நோயாளியின் விவரங்களை அவர் அனுமதியின்றி வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். போகும் முன் அவளிடம், "டெஸ்ட் எடுக்கப் போறோம்" என்று பொய் சொல்லாமல், "உனக்குத் தூக்கம் வரலை, வயித்துல எதுவும் தங்கலை, எனக்குப் பயமா இருக்குது, டாக்டர்கிட்ட கேட்கலாம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். மருத்துவர் முதலில் உங்களிடம் கொஞ்சம் கேட்பார். பிறகு உங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் தனியே பேசுவார். அரை மணி நேரம் ஆகலாம். உயிருக்கு ஆபத்தான செய்தி ஏதாவது இருந்தால் அதை மட்டும் உங்களிடம் சொல்வார், மற்றதை அவளிடமே விட்டுவிடுவார். அவள் அழுதுகொண்டு வெளியே வந்தால் பதற வேண்டாம். "உள்ளே என்ன சொன்னே?" என்றும் கேட்க வேண்டாம். காலையில் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டாள், பக்கத்தில் எங்காவது சாப்பிட அழைத்துப் போங்கள்.